சின்ன ர

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. போன வாரம் போனில் பேசிய பேச்சு இரண்டாவது நிமிடமே சண்டையாகிவிட்டதால் பழையபடி கடிதத்துக்கே வந்துவிட்டேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் கடைசிக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பில் வட்டம் போட்டவை பதினேழு. எல்லாம் ர, ற தகராறுதான். "மறந்துவிட்டேன்" என்பதைச் சின்ன ர போட்டு எழுதியிருக்கிறாய். பக்கத்து மேஜைக்காரியிடம் காட்டினேன், உன் தம்பி எப்போது மரமானார் என்று கேட்டாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவளின் தம்பிக்கு முப்பத்து நாலு வயதிலும் சின்ன ர எது, பெரிய ற எது என்று தெரியவில்லை என்றால் என் வேலைக்கு என்ன மரியாதை?

சரி, அப்பா. பக்கவாதம் வந்து ஏழு வாரமாகிறது. வலது கையும் வலது காலும் அசையவில்லை. பேச்சு திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு என்று எனக்குக் கோபம் வந்தது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. நாற்பது வருடம் சபையில் நின்று பேசிய போதகர், தண்ணீர் வேண்டுமென்றால் இப்போது டம்ளரைத் தட்டுகிறார். பகலில் ஒரு அம்மா வந்து பார்த்துக்கொள்கிறாள். மற்ற நேரமெல்லாம் நான்.

நீ அனுப்பிய கட்டில் வந்தது. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயர்கிறது. காற்று மெத்தையும் வந்தது. நல்ல சாமான்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பார்சல்காரன் மணி அடிக்கும்போதும் அப்பா கதவையே பார்க்கிறார். பெட்டி உள்ளே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பதினொரு வருடமாக "அவன் இறங்கி வரட்டும்" என்று அவர், "அவர் இறங்கி வரட்டும்" என்று நீ. நடுவில் நான் மாடிப்படி மாதிரி கிடக்கிறேன். இனி அவரால் அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூட முடியாது. நீயாவது சொல்வதை நிறுத்திவிட்டு வா.

அன்புடன்,
சிவப்புப் பேனா


பிப்ரவரி 12

அன்புள்ள சிவப்புப் பேனாவுக்கு,

இந்தக் கடிதத்தில் உன்னால் ஒரு வட்டமும் போட முடியாது. என்னோடு லிஃப்ட் வேலைக்கு வரும் கூட்டாளி ஒரு தரம் திருத்திக்கொடுத்த பிறகு நான் பார்த்து எழுதுகிறேன். அதற்குக் கூலியாக அவனுக்கு ஒரு வாரம் டீ.

வா என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ உள்ளே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தாய். வெளியில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்கிறேன், கேள்.

சபை முகப்புச் சுவரில் எழுத அப்பா கொடுத்த வரி "தேவன் நமக்காக இறங்கி வந்தார்." மூன்று நாள் ஏணி மேல் நின்று எழுதினேன். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். ஆள் உயர எழுத்தில் "இரங்கி வந்தார்" என்று இருந்தது. யாராவது தோளில் தட்டிச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். அப்பா ஊரே கேட்க, "போதகர் மகனுக்கு ஒரு எழுத்து ஒழுங்கா வரல. இறங்கி வாடா" என்றார்.

நான், "இரங்கித்தானே வந்தார்? பாவம்னு பார்த்துத்தானே வந்தார்? இதுவும் சரிதான்" என்றேன்.

"ஒரு எழுத்து மாறினா பொருளே மாறிடும். அழிச்சிட்டு எழுது."

அப்போதுதான் எனக்கு வாய் மீறியது. நான் லிஃப்ட் வேலையில் சேர்ந்து ஆறு மாதம். "எதுக்கு இறங்கி வரணும்? எங்க லிஃப்ட் நின்னாக்கூட மேல மெஷின் ரூம்ல உக்காந்தே சரி பண்ணிடுவோம். மேல இருந்து சரி பண்ணத் தெரியாத கடவுள் எதுக்கு?" என்று கேட்டேன். அப்பா முகம் வெளுத்துப் போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "இனிமே நீயா இறங்கி வந்தாத்தான் உனக்கு இந்த வீடு" என்றார். நான் தூரிகையை வீசிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிப் பின்பக்கமாகவே போய்விட்டேன்.

அவரை அவமானப்படுத்தியது தப்பு. அதை எப்போதோ ஒப்புக்கொண்டேன். ஆனால் கேட்ட கேள்வி தப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை அக்கா. எல்லாம் செய்ய முடிந்தவருக்கு வயிறும் பசியும் எதற்கு?

வீல்சேர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். மடக்கலாம். அவரை வெளியே அழைத்துப் போ.

இப்படிக்கு,
வாலு


பிப்ரவரி 21

வாலு,

வீல்சேர் வந்தது. வெளியே அழைத்துப் போ என்று எழுதியிருக்கிறாய். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. ஐம்பத்திரண்டு படி. லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கின் அப்பாவுக்கு வாய்த்த வீடு அப்படி. ஆறு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறோம், நீ ஒரு நாள் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது அந்த நாற்காலியில் துவைத்த துணியைப் போட்டு வைத்திருக்கிறேன். கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு எட்டு அடி தூரம். தினமும் ஒரு தரம் துணியை எடுத்துவிட்டு அவரை அதில் உட்காரவைத்து அதுவரை தள்ளிக்கொண்டு போகிறேன். அவர் தெருவைப் பார்க்கிறார். இரண்டு மாதத்துக்கு மேலாக அந்தத் தெருவில் அவர் கால் படவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நான் போதகர் இல்லை. இறையியல் புத்தகம் ஒரு டஜன் மெய்ப்பு பார்த்திருக்கிறேன், அதில் எனக்குத் தெரிந்தது கமாவும் முற்றுப்புள்ளியும்தான். ஆனால் போன மாதம் ஒரு புத்தகத்தில் அச்சுக் கோத்தவர் "கடவுள் மனிதனைப் போல வந்தார்" என்று அடித்துவிட்டார். மூலத்தில் "மனிதனாக" என்று இருந்தது. பெரிய வித்தியாசமா என்று நான் விட்டுவிட்டேன். புத்தகம் எழுதியவர், தொண்டு கிழவர், இரண்டு பஸ் மாறி அச்சகத்துக்கே வந்துவிட்டார். "அம்மா, 'போல'ன்னா வேஷம். வேஷம் போட்டவனுக்கு வலிக்காது. 'ஆக'ன்னாத்தான் பசிக்கும், அழுகை வரும், சாவு வரும். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் முந்நூறு பக்கம் எழுதியிருக்கேன்" என்றார். ஏன் அது அவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். "என் சம்சாரம் போனப்ப ஆறுதல் சொல்ல நிறையப் பேர் வந்தாங்க. தானும் சம்சாரத்தைப் பறிகொடுத்தவர் ஒருத்தர் வந்தார், ஒண்ணும் பேசல. அவர் பக்கத்துல உக்காந்தப்பதான் எனக்கு மூச்சு வந்தது. நம்ம பாட்டைப் பட்டுப் பார்க்காத கடவுள்கிட்ட நான் என்னத்தைச் சொல்லி அழறது?" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் கட்டில், மெத்தை, நாற்காலி எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் தம்பி போல இருக்கின்றன. தம்பியாக ஒன்றும் வரவில்லை.

நேற்று அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது கை வழுக்கிவிட்டது. பிடித்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். நான் களைத்துவிட்டேன் தம்பி. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இப்போது ஒன்று நடந்திருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிட்டது. சாதாரணமாக நின்றால் மெஷின் ரூமிலிருந்து பிரேக்கைத் தளர்த்திக் கையாலேயே இறக்கிவிடுவோம். இது கொஞ்சம் நழுவியதால் அடியிலிருக்கும் பிடிப்பு, லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டது. அப்படிக் கவ்விவிட்டால் மேலே இருந்து ஒன்றும் செய்ய முடியாது. தூக்கும் சங்கிலி வேண்டும். அது ஊருக்கு அந்தப் பக்கம் வேறொரு கட்டடத்தில் கிடந்தது. கூட்டாளி வேனை எடுத்துக்கொண்டு போனான்.

உள்ளே ஒருவர்தான். அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் அம்மா, ஐம்பது வயது இருக்கும். விளக்கு அணைந்துவிட்டது. நான் மேலே உட்கார்ந்து மைக்கில் பேசினேன்.

"பயப்படாதீங்கம்மா, வேலை நடக்குது."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"மேல, மெஷின் ரூம்ல."

"மேல இருந்தா என்ன வேணும்னாலும் சொல்லலாம் தம்பி" என்றார் அந்த அம்மா. பிறகு மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அதைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டேன். ஏழாவது மாடி வழியாக லிஃப்டின் கூரை மேல் இறங்கி, அதிலிருக்கும் சின்னக் கதவைத் திறந்து உள்ளே குதித்தேன். எங்கள் கம்பெனி விதிப்படி இது கூடவே கூடாது. கையிலிருந்த டார்ச்சில் அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன். நனைந்துபோயிருந்தது.

"வந்துட்டீங்களா. இப்ப எப்படி என்னை வெளிய கொண்டு போவீங்க?"

"கூரை வழியா உங்களை ஏத்த முடியாதும்மா, சங்கிலி வரணும். ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அப்ப நீங்களும் மாட்டிக்கிட்டீங்களே."

"ஆமாம்மா, நானும் மாட்டிக்கிட்டேன்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு அழுதார். பிறகு மூச்சு சீராகிவிட்டது. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தன் பாட்டிலில் இருந்த தண்ணீரில் பாதியைக் கொடுத்தார். எனக்கும் நாக்கு வறண்டுதான் போயிருந்தது. அக்கா, பதினொரு வருடமாக லிஃப்ட் வேலை பார்க்கிறேன், உள்ளே மாட்டியவனாக இருந்ததே இல்லை. கயிறு ஒரு தரம் முனகியது. எனக்கும் பயமாக இருந்தது. மேலே இருந்தபோது இல்லாத பயம். அந்த அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் என் கருவிப் பையைத் திறக்கக்கூட இல்லை, இருந்தும் இத்தனை வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று தோன்றுகிறது.

கூட்டாளி வந்து தூக்கினான். அந்த அம்மா முதலில் வெளியே போனார். அவர் பின்னாலேயே நானும்.

உன் அச்சகத்துக் கிழவர் சொன்ன "ஆக" அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்தது. நான் நம்புகிறேனா என்று கேட்காதே, நானே இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஏணி மேல் நின்று நான் கேட்டது முட்டாள் கேள்வி. கடவுளுக்குச் சரி பண்ணத் தெரியாமல் அவர் இறங்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்றுதான் இறங்கினார்.

விதியை மீறியதற்காக அடுத்த திங்கள் முதல் ஒரு வாரம் வேலைக்கு வராமல் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டில் என்று சொல்லவில்லை.

வரப் பயமாக இருக்கிறது. நான் வாசலில் நிற்கும்போது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு மேல் என்னால் தாங்க முடியாது. இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

வாலு


மார்ச் 8

என் தம்பிக்கு,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன், திங்களுக்கு முன்னால் கிடைத்துவிட வேண்டும்.

படித்துக்காட்டினேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கண்ணாடியும் போட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து படித்தேன். "மேல இருந்தா என்ன வேணும்னாலும் சொல்லலாம்" என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். "நானும் மாட்டிக்கிட்டேன்" என்று படித்தபோது கண்ணோரத்தில் நீர் வழிந்தது. முழுக்கப் படித்து முடித்ததும் இன்னொரு தரம் படி என்று விரலால் சுழற்றிக் காட்டினார்.

பிறகு எழுதப் பேப்பர் கேட்டார். நோய் வந்த பிறகு இதுவரை அவர் எழுத முயன்றதில்லை. இடது கையால் கோணலாக எழுதுவதை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பேப்பர்தான் இத்துடன் இருப்பது. "இரங்கி வா."

கைப் பழக்கம் விடவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துச் சின்ன ர மேல் கோடு போடப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இடது கையில் அவருக்கு அவ்வளவு வலு இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்பா, பெரிய ற தானே வரணும்?"

இல்லை என்று தலையாட்டினார்.

"கை தவறி எழுதிட்டீங்களா?"

மறுபடியும் இல்லை. விரலை அந்தச் சின்ன ர மேல் வைத்து, எடுக்காமல் அப்படியே இருந்தார். பிறகு சுவரில் மாட்டியிருக்கும் உன் பழைய போட்டோவைப் பார்த்தார்.

தம்பி, பைபிளில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அச்சகத்துக்கு ஆள் அனுப்பிய மனிதர் அவர். அவர் உன் பிழையை எடுத்து எழுதியிருக்கிறார். அவரால் ஐம்பத்திரண்டு படி இறங்க முடியாது. ஆனால் பெரிய ற விலிருந்து நீ நிற்கிற சின்ன ர வரைக்கும் இறங்கி வந்துவிட்டார். ஆயுசு முழுக்கக் கடவுளிடம் "எங்கள்மேல் இரங்கும்" என்று கேட்ட வாய். இன்றைக்கு உன்னிடம் கேட்கிறது.

இனி யார் முதலில் இறங்கி வருவது என்ற பேச்சே கிடையாது. அது முடிந்துவிட்டது.

ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை. வந்துவிடு.

அக்கா


செவ்வாய், காலை பதினோரு மணி
(சாப்பாட்டு மேஜை மேல், உன் அச்சகத்துத் தாளின் பின்பக்கத்தில்)

அக்கா,

நீ மத்தியானம் சாப்பிட வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். பயந்துவிடாதே, பகலில் வரும் அம்மாவை நான்தான் இன்றைக்குப் போகச் சொன்னேன்.

நேற்று கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வராமல் எவ்வளவு நேரம் செருப்பைக் கழற்றுவாய் என்று கேட்டாய். அப்பா இடது கையைத் தூக்கினார், அது அடிக்கவா கூப்பிடவா என்று எனக்குத் தெரியவில்லை. கிட்டே போய் அவர் என் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. அப்போதுகூட ஒரு நிமிடம் சந்தேகமாகத்தான் இருந்தது, அவ்வளவு பலமாக அழுத்தினார்.

காலையில் முகம் மழித்து, குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். ஜன்னலையே பார்த்தார். சரி என்று துணிகளை எடுத்துக் கட்டில் மேல் போட்டுவிட்டு, வீல்சேரை முதலில் கீழே கொண்டுபோய் வாசலில் இருக்கும் தையல் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வந்தேன். இப்போது அப்பாவை முதுகில் போட்டுக்கொண்டு, படுக்கை விரிப்பால் கட்டி, ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து போகப் போகிறேன். படிகளை எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று. நீ திருத்திக்கொள்.

திருத்துவது என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தத் தாளில் முதல் வரியாக "நானும் அப்பாவும் இரங்கிக் கீழே போகிறோம்" என்றுதான் எழுதினேன். மேலே அடித்திருக்கிறேன் பார். கூட்டாளி பக்கத்தில் இல்லாததால் வந்த வினை. அப்பா எட்டிப் பார்த்தார். உன் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி, இடது கையால் பெரிய ற போட்டார்.

"அன்னிக்கு நீங்களே சின்ன ர தானே போட்டீங்க?" என்று கேட்டேன்.

என் நெஞ்சில் விரலை வைத்தார். பிறகு படிக்கட்டைக் காட்டினார். அது மனசுக்கு, இது படிக்கு என்கிறார் போலிருக்கிறது. பிறகு சிரித்தார் அக்கா. சத்தமாக. மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம். நீ கேட்கவில்லையே என்று எனக்கு ஒரே ஆதங்கம்.

தெருக்கோடி வரை போய்விட்டு, தையல் கடை நிழலில் உட்கார்ந்திருப்போம். சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு நீயும் இறங்கி வா. எழுத்து சரிதான், அவரே பார்த்துவிட்டார்.

வாலு